படியளந்த நத்தை

மலையடிவாரக் காட்டில் ஒரு குட்டை. அதன் கரையில், நெல் குத்தும் குந்தாணியைக் கவிழ்த்து வைத்தது போல ஒரு பாறை. பாறையின் அடியில் ஒரு பொந்து. அந்தப் பொந்தில் ஒரு நத்தையும் ஒரு தேரையும் குடியிருந்தார்கள்.

நத்தையின் பெயர் சுழியன். தேரையின் பெயர் குண்டோதரன். பெயருக்கேற்ற வயிறு. ஒருவரை ஒருவர் "பங்காளி" என்றுதான் கூப்பிடுவார்கள். வரப்புத் தகராறு பண்ணுகிற பங்காளிகள் இல்லை. ஒரே பொந்தைப் பங்கு போட்டுக்கொண்ட பங்காளிகள்.

கோடை வந்தால் குட்டை வற்றிவிடும். வெயில் நத்தைக்கும் ஆகாது, தேரைக்கும் ஆகாது. நத்தைக்காவது ஓடு இருக்கிறது. தேரைக்கு இருப்பது வெறும் தோல். அது காய்ந்தால் உயிர் போய்விடும்.

அதனால் சுழியனுக்கு ஒரு வழக்கம். கோடைக் காலத்தில் தினமும் சாயங்காலம் பொந்தின் வாயில் ஊர்ந்து ஊர்ந்து, தன் உடம்புப் பசையை ஒரு பூச்சுப் பூசுவான். காய்ந்தால் கண்ணாடிக் காகிதம் மாதிரி பளபளக்கும். அனல் காற்று உள்ளே வராது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாது. தான் நுழைய ஓரத்தில் ஒரு இடுக்கு மட்டும் விடுவான். அதையும் தன் ஓட்டாலேயே அடைத்துக்கொண்டு தூங்குவான். மறுநாள் வெயிலில் பூச்சு வெடிக்கும். மறுபடி பூசுவான்.

இதை அவன் ஒரு வேலையாகவே நினைத்ததில்லை. நாம் கதவைச் சாத்துகிறோமே, அது மாதிரி. குண்டோதரனும் நன்றி சொன்னதில்லை. கதவைச் சாத்துகிறவனுக்கு யார் நன்றி சொல்கிறார்கள்?

குண்டோதரனும் சும்மா இருந்து சாப்பிடுகிற ஆள் இல்லை. நத்தையைக் கடிக்க வரும் கட்டெறும்பை எல்லாம் நாக்கை நீட்டி விழுங்கிவிடுவான். "உனக்குக் காவல், எனக்குச் சாப்பாடு!" என்று வயிற்றைத் தடவிக்கொள்வான்.

காட்டில் எல்லோரும் அவனைக் காட்டி ஒரு பேச்சுப் பேசுவார்கள். "கல்லுக்குள்ள இருக்கிற தேரைக்கும் கடவுள் படியளக்கிறான் பாரு!"

அதில் குண்டோதரனுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

"பாத்தியா பங்காளி! பழமொழியில என் பேரு இருக்கு. உன் பேரு இருக்கா?"

"ஏன் இல்ல? எவனாவது சோம்பேறியா நடந்தா 'நத்தை மாதிரி வர்றான்'னு சொல்றாங்களே!"

குண்டோதரன் பொந்தே அதிரும்படி சிரிப்பான். சுழியனும் சிரிப்பான். ஆனால் அவனுக்கு உள்ளே குத்தும். வாழ்நாள் முழுக்க ஊர்ந்திருக்கிறான். போன இடமெல்லாம் வெள்ளிக் கோடு போட்டிருக்கிறான். ஒருத்தன் நின்று பார்த்ததில்லை.

ஒரு பங்குனி மாதத்தில் மைனா ஒன்று பாறைமேல் வந்து உட்கார்ந்து கூவியது.

"கேளுங்க, கேளுங்க! நெடுங்கதைப் போட்டி! இந்த அமாவாசைக்கு ஆரம்பிச்சு அடுத்த அமாவாசைக்குள்ள முடிக்கணும். மரத்துல எழுதுறவங்க அடியிலிருந்து நுனி வரைக்கும். பாறையில எழுதுறவங்க அடியிலிருந்து உச்சி வரைக்கும். நடுவுல இடம் விட்டா செல்லாது!"

"கதை நல்லா இருக்கணுமா?" என்று சுழியன் கேட்டான்.

"நீளமா இருக்கணும்!"

"நடுவர் யாரு?"

"புற்றூர்க் கறையானார்! அவர் பாக்காத ஏடு கிடையாது. மத்தவங்க படிச்சு மறந்துட்டாங்க. அவரு தின்னு செரிச்சிருக்காரு! ஜெயிச்சவன் பேரை நானே காடு பூரா பாடுவேன்."

சுழியன் பொந்துக்குள் போனான். கொம்பு இரண்டும் துடித்தன.

"பங்காளி, நான் எழுதட்டுமா?"

"எழுதேன்! உன்கிட்ட மசியும் இருக்கு, பேனாவும் இருக்கு. நீயே பேனா! என்ன கதை?"

"நம்ம கதைதான். கோடையில ஒரு நத்தையும் ஒரு தேரையும்."

"அடடே! என்னைப் பத்தி நல்லதா எழுது. வயித்தைப் பத்தி எழுதாதே."

"வயிறு இல்லாம நீ ஏது?"

"சரி, எழுதித் தொலை. ஆனா ஒண்ணு. எனக்குப் பாறை ஏற வராது. அன்னன்னிக்கு எழுதினதைச் சாயங்காலம் வந்து எனக்குச் சொல்லணும்."

"சொல்லாம?"

சுழியன் எழுத ஆரம்பித்தான். விடிகாலையில் பாறையில் ஊர்வான். வெள்ளி எழுத்து ஓடும். சாயங்காலம் இறங்கி வந்து வாசலைப் பூசுவான். பூசிக்கொண்டே கதையைச் சொல்வான். குண்டோதரன் கண்ணை விரித்துக் கேட்பான். "அப்புறம்? அப்புறம் அந்தத் தேரை என்ன பண்ணிச்சு?" என்பான். தானே தேரை என்பது மறந்துபோகும்.

பக்கத்து வாகை மரத்தில் மரங்கொத்தியும் எழுத ஆரம்பித்திருந்தது. கொஞ்ச நாளிலேயே நிறுத்திவிட்டது.

"ஏன் நிறுத்திட்டே?" என்று சுழியன் கேட்டான்.

"குஞ்சுங்க கத்துதுப்பா. கதை அடுத்த வருஷமும் எழுதலாம். குஞ்சு அடுத்த வருஷம் வரைக்கும் வாயைத் திறந்துக்கிட்டு இருக்குமா?"

"எழுத்துன்னா தியாகம் வேணும்!" என்றான் சுழியன்.

"வேணும்தான். யாரோடதுன்னு பாத்துக்க!" என்று சொல்லிவிட்டு மரங்கொத்தி புழு தேடப் போனது.

பாதிப் பாறை ஏறுவதற்குள் கோடை முற்றிவிட்டது. கல் தோசைக்கல் மாதிரி காய்ந்தது. ஊர்ந்தால் பசையைச் சுருக்கென்று உறிஞ்சிக்கொண்டது. உச்சி தள்ளித் தள்ளிப் போவது போல இருந்தது. மைனா தலைக்குமேல் பறந்து, "என்னய்யா, மெதுவா வர்றீரு! நத்தைங்கிறது சரியாத்தான் இருக்கு!" என்று சீண்டியது.

சுழியனுக்கு ரோஷம் வந்துவிட்டது. பாசி மேயப் போவதை விட்டான். பாசி தின்னாமல் பசை எப்படி ஊறும்? இருக்கிற பசையையும் வளைத்து வளைத்து எழுதினான். கதையில் தேரை தண்ணீர் குடிக்கும் இடம் வந்தது. அதை எழுத ஒரு முழம் பிடித்தது. குட்டையில் தண்ணீர் எப்படித் தளும்பியது, தேரையின் தொண்டை எப்படி நனைந்தது, அதன் கண் எப்படிப் பனித்துளி மாதிரி மின்னியது என்று அளந்துகொண்டே போனான்.

அன்றைக்குச் சாயங்காலம் சோர்ந்துபோய் இறங்கினான். கதை சொல்லவில்லை.

"இன்னிக்குப் பேசத் தெம்பு இல்ல, பங்காளி. நாளைக்குச் சொல்றேன்."

"சரி பங்காளி. வாசலு?"

"நேத்துப் பூசினது இருக்குல்ல. ஒரு நாள்தானே!"

மறுநாளும் ஒரு நாள்தான். அதற்கு மறுநாளும் ஒரு நாள்தான். பிறகு சுழியன் இறங்குவதையே விட்டான். இறங்கி ஏற வீணாகும் பசையில் நாலு வரி எழுதலாமே என்று கணக்குப் போட்டான். பாறை நிழலிலேயே ஓட்டுக்குள் சுருண்டு கிடந்தான்.

கீழே பொந்தின் பூச்சு கீறல் விட்டது. கீறல் விரிந்தது. செதில் செதிலாக உதிர்ந்தது. ஓடு வைத்து அடைக்கும் இடுக்கும் திறந்தே கிடந்தது.

"பங்காளி!" என்று கீழிருந்து குரல் வந்தது. "கொஞ்சம் காத்து வருது!"

"இதோ வந்துட்டேன்! இந்த வரி முடியட்டும்!"

இன்னொரு நாள் குரல் வந்தது. "பங்காளி! காத்து சூடா வருது!"

அன்று சுழியன் மேலிருந்தே ஒரு பதில் சொன்னான். அந்தப் பதில்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

"உனக்கென்ன பங்காளி! கல்லுக்குள்ள தேரைக்கும் கடவுள் படியளப்பான்! பழமொழியே இருக்கே!"

கீழே குண்டோதரன் பொந்தின் உள்மூலைக்கு நகர்ந்துகொண்டான். பிறகு, "ஆமா, இருக்கு" என்று மட்டும் வந்தது.

அதற்குப் பிறகு குரலே வரவில்லை. அப்பாடா, பங்காளிக்குப் பழகிவிட்டது என்று சுழியன் நினைத்தான்.

அமாவாசைக்கு முந்தின நாள். உச்சிக்கு இன்னும் ஒரு சாண்தான். ஆனால் உடம்பில் பசை ஊறவே இல்லை. பொந்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் பாசி உண்டு. அதைத் தின்றால் ஒரு சாணுக்கு ஊறும் என்று சாயங்காலம் சுழியன் இறங்கி வந்தான். பாசி காய்ந்து போயிருந்தது. கிடைத்ததைச் சுரண்டித் தின்றான். உடம்பில் லேசாக ஈரம் கசிந்தது.

பொந்தின் இருட்டிலிருந்து குண்டோதரன் கூப்பிட்டான். குரல் சருகு உரசுவது மாதிரி இருந்தது.

"பங்காளி, வந்துட்டியா? ஒரே ஒரு பூச்சு."

சுழியன் தயங்கினான்.

"ஒரு சாணுக்குத்தான் பங்காளி பசை இருக்கு. உனக்குப் பூசினா முடிவு நின்னுபோகும். ஒரு மாசப் பாடு. நாளைக்குப் பூசறேன். நாளைக்கு எவ்வளவு வேணும்னாலும் பூசறேன்!"

"கதைக்கு என்ன முடிவு?"

"கேளு! கடுங்கோடை. தேரை காஞ்சு சாகக் கிடக்கு. நத்தைகிட்ட மிச்சம் இருக்கிறது கொஞ்சூண்டு ஈரம். அதையும் தேரைக்குக் குடுத்துடுது. தேரை பிழைச்சுக்குது!"

பொந்துக்குள்ளிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. சிரிப்பாக இருக்கலாம்.

"நல்ல முடிவு, பங்காளி. போய் எழுது."

சுழியனுக்கு அது பாராட்டாக மட்டும்தான் கேட்டது. உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவ்வளவு பெரிய வயிறு மடிப்பு மடிப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பனித்துளி மாதிரி என்று எழுதினானே, அந்தக் கண் குழிக்குள் போயிருந்தது.

அவன் ஏறினான். கடைசிச் சாணை எழுதினான். கடைசிச் சொல் எழுதும்போது உடம்பு பாறையில் ஒட்டிக்கொண்டு பிய்ந்தது. எழுதி முடித்துவிட்டான்.

காலையில் மைனா கறையானாரை ஒரு மட்டையில் வைத்துக் கொண்டுவந்தது. கறையானார் அடியிலிருந்து உச்சி வரைக்கும் ஊர்ந்து படித்தார். படித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"எத்தனையோ ஏடு தின்னிருக்கேன். எல்லாம் வறட்டு ஏடு. இதுல என்ன ஈரம்! என்ன ஈரம்! படிக்கப் படிக்க என் தொண்டையே நனைஞ்சு போச்சு!"

"ஜெயிச்சுட்டான்! சுழியன் ஜெயிச்சுட்டான்!" என்று மைனா காடு முழுக்கப் பாடியது. மான் வந்தது. முயல் வந்தது. எல்லோரும் நின்று பார்த்தார்கள். வெள்ளிக் கோட்டை முதல் தடவையாக நின்று பார்த்தார்கள்.

"இருங்க, பங்காளிகிட்டச் சொல்லணும்!" என்று சுழியன் இறங்கினான். வறண்ட உடம்போடு இறங்குவதற்குள் உச்சிவெயில் வந்துவிட்டது.

"பங்காளி! ஜெயிச்சுட்டோம்! தூங்கறியா? பரவால்ல, படுத்துக்கிட்டே கேளு. பாக்கிக் கதை பூரா சொல்றேன்."

வாசலில் நின்றபடியே சொன்னான். தேரை தண்ணீர் குடித்ததைச் சொன்னான். கோடை வந்ததைச் சொன்னான். நத்தை கடைசி ஈரத்தைக் கொடுத்ததைச் சொன்னான்.

"எப்படி பங்காளி? நல்லா இருக்கா?"

'அப்புறம்?' என்று யாரும் கேட்கவில்லை.

சுழியன் உள்ளே ஊர்ந்து கொம்பால் தொட்டான். தேக்குச் சருகைத் தொட்டது போல இருந்தது.

அவன் திரும்பி ஓடினான். நத்தை ஓடுமா என்று கேட்காதீர்கள். ஓடினான். பொந்தின் வாயில் உடம்பைத் தேய்த்தான். பசை வரவில்லை. மறுபடி தேய்த்தான். கல் சுரண்டியதுதான் மிச்சம். பூசுவதற்கு அவனிடம் ஒரு துளி இல்லை.

மைனா பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்தது. பிறகு மெல்லக் கேட்டது.

"என்னய்யா இது? கல்லுக்குள்ள தேரைக்கும் கடவுள் படியளப்பான்னு சொல்வாங்களே!"

"அளந்தாரு" என்றான் சுழியன். "தினமும் அளந்தாரு. என்கிட்டக் குடுத்துத்தான் அனுப்பினாரு. நான் வழியிலேயே செலவு பண்ணிட்டேன்."

அடுத்த நாள் கோடை மழை கொட்டியது. அடியிலிருந்து உச்சி வரைக்கும் பாறையைக் கழுவிக்கொண்டு போனது. ஒரு எழுத்து மிஞ்சவில்லை. மரங்கொத்தி பதறி வந்து, "கதை போச்சேப்பா!" என்றது. சுழியன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பொந்துக்குள் தண்ணீர் புகுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் முன்னால் வந்திருக்கக் கூடாதா அந்த மழை?

இப்போதும் கோடையில் அந்தப் பாறைக்கு அடியில் பார்த்தால், பொந்தின் வாயில் பளபளவென்று பூச்சு இருக்கும். தினமும் புதுப் பூச்சு. ஓரத்து இடுக்கில் ஒரு நத்தை ஓடு அடைத்திருக்கும். உள்ளே நல்ல ஈரம். யாரும் இல்லை.

ஆகவே, எவ்வளவு பெரிய காரியத்தில் இறங்கினாலும், நம்மை நம்பி இருப்பவருக்கு அன்றாடம் செய்துவரும் சின்ன வேலையை ஒரு நாள்தானே என்று விட்டுவிடாதே. அவருக்குக் கடவுள் அளக்கும் படி அதுவாகத்தான் இருக்கும்.