எலியாசர் நவமணி அஞ்சலிக் கூட்டம்

"அந்த ரெண்டு பேருக்கும் இதுதான் அஞ்சலியா?" என்று சவரிராயன் எழுந்து நின்று கத்தினார்.

குவேக்கர் என்ற எங்கள் கிறிஸ்தவச் சபையில் யாரும் கத்துவதில்லை. பாதிரியார் கிடையாது, பிரசங்கம் கிடையாது, பாட்டும் கிடையாது. பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்போம். உள்ளே ஏதாவது உந்தினால் எழுந்து பேசலாம். அன்றைக்கு நாற்பது நிமிஷமாக ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

எலியாசரையும் அவர் மனைவி நவமணியையும் முந்தின வாரம்தான் அடக்கம் செய்திருந்தோம். அவர் செவ்வாய்க்கிழமை போனார். அந்தம்மா வெள்ளிக்கிழமை. "அந்த மனுஷனைத் தனியா விட்டா அங்கேயும் யார்கூடவாவது மல்லுக்கு நிப்பாரு" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

முன் பெஞ்சில் தெபொராள் திரும்பிப் பார்த்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ், நாற்பது வயது இருக்கும். சவரிராயனுக்கு அறுபது தாண்டிவிட்டது. ஆனாலும் எந்தச் சங்கடம் வந்தாலும் அவளிடம்தான் போய் நிற்பார். நாங்கள் எல்லாருமே அப்படித்தான்.

"அவங்களைப் பத்தி என்னண்ணே சொல்லணும்?"

"என்ன சொல்லணுமா? எஸ்டேட்காரன் என் வீட்டை இடிக்க எத்தனை தடவை வந்தான்! ஒவ்வொரு தடவையும் என் வாசல்ல ரெண்டு நாற்காலியைப் போட்டு உக்காந்தது யாரு? போலீஸ் வந்தப்பவாவது எந்திரிச்சாங்களா? அதைச் சொல்லுங்க!"

"அது எல்லாருக்கும் தெரியுமே."

"தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? இன்னிக்குப் பதினோரு மணிக்கு மறுபடியும் வர்றான். ஞாயித்துக்கிழமை கோர்ட்டு லீவு, தடை வாங்க முடியாதுன்னு பாத்து வர்றான். கிழவரும் கிழவியும் இல்லேங்கிற தைரியம்! முப்பது வருஷமா குடியிருக்கிற வீடு தாயி. இனிமே எனக்கு யாரு இருக்கா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. பின் பெஞ்சில் உட்கார்ந்து மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தெபொராள் எழுந்தாள். தன் பெஞ்சின் ஒரு முனையைத் தூக்கினாள்.

"அந்தப் பக்கம் பிடிங்கண்ணே."

"எதுக்கு?"

"பிடிங்கன்னா பிடிங்க. கனக்குது."

இரண்டு பேரும் பெஞ்சோடு வாசலைத் தாண்டினார்கள். நாங்களும் மீதி மூன்று பெஞ்சுக்கும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தோம். சரிவில் இறங்கும்போது என் முட்டியில் நல்ல அடி. சத்தம் போடவில்லை. சவரிராயன் வீட்டு வாசலுக்குக் குறுக்கே நான்கு பெஞ்சையும் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டோம்.

பதினோரு மணிக்கு புல்டோசர் வந்தது. பின்னாலேயே ஜீப்பில் எஸ்டேட் மேனேஜர்.

"என்னய்யா இது, மறியலா?"

"அஞ்சலிக் கூட்டங்க," என்றாள் தெபொராள்.

"அதை உங்க கோயில்ல வெச்சுக்க வேண்டியதுதானே?"

"நாங்க உக்கார்ற இடந்தாங்க கோயில்."

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். புல்டோசர் டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினான்.

"சரி, செத்தவங்க காரியம். நான் ஒண்ணும் கல்நெஞ்சன் இல்லை. கூட்டம் முடியட்டும், அப்புறம் இடிச்சுக்கறோம். எப்ப முடியும்?" என்றார் மேனேஜர்.

தெபொராள் சவரிராயனைப் பார்த்தாள்.

அவர் பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்தார்.

"எங்க கூட்டம் தானா முடியாதுங்க. பெரியவங்க ரெண்டு பேர் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சுக் குலுக்கணும். அதுக்கப்புறந்தான் நாங்க எந்திரிப்போம். நாப்பது வருஷமா ஒரே புருஷன் பொண்டாட்டிதான் முடிச்சு வெக்கிறாங்க."

"அப்ப அவங்களைக் கூப்பிடுய்யா!"

"அவங்களுக்குத்தாங்க அஞ்சலி," என்றார் சவரிராயன்.