வெட்பாலை எண்ணெயும் வெயிலுக்கு அஞ்சிய ராஜாவும்

முன்னொரு காலத்தில், ஆற்றுக்கு அணை கட்டத் தெரியாத, ஆனால் மனிதருக்கு அணை போடத் தெரிந்த ஒரு ராஜா இருந்தார். உடம்பில் செதில் உதிர்பவர்கள் எல்லாரும் அக்கரையில்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார். அது ஒட்டும் நோயல்ல என்று வைத்தியர்கள் சொன்னார்கள். ராஜா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்படி அக்கரைக்குப் போனவர்களில் கொற்றியும் ஒருத்தி. அவள் கணவன் சாத்தன் படகோட்டி. தினமும் அவளுக்குச் சோறு கொண்டுவருவான். கரையைத் தொடக் கூடாது என்பதால் தூக்குச்சட்டியைத் துடுப்பு நுனியில் மாட்டி நீட்டுவான். அந்த ஒரு துடுப்பு நீளத்தை இரண்டு வருடமாக அவர்களால் தாண்ட முடியவில்லை. அவன் கையை ஒருமுறை பிடிக்க மாட்டோமா என்று அவள் ஏங்கினாள். வேறொன்றும் கேட்கவில்லை, பாவம்.

அந்தக் கரையில், செதிலுக்கு மருந்தாகும் வெட்பாலை மரம் நின்றது. கொற்றி அதன் இலைகளைக் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டு, ஏழு நாள் வெயிலில் வைத்தாள். எண்ணெய் நாவற்பழ நிறமானது. பூசிக்கொள்ளப் போன நேரத்தில் அரண்மனைச் சேவகன் வந்தான்.

"அரண்மனைக் குதிரைக்குச் செதில் உதிருது. அந்த எண்ணெயைக் குடு. குணமானா நீ வீட்டுக்குப் போகலாம்."

"எடுத்துட்டுப் போங்கய்யா. பூசி வெயில்ல நிறுத்தணும், மறந்துடாதீங்க" என்றாள் கொற்றி.

குதிரைக்கு என்ன கேடு? செதில் உதிர்ந்தது ராஜாவுக்கு! பட்டுப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டு, பெற்ற மகளைக்கூட மடியில் ஏற்றாமல் அவரும் ஏங்கிக்கொண்டுதான் இருந்தார். இருட்டறையில் அவர் எண்ணெய் பூசிக்கொண்டார். வெயிலில் குதிரை நின்றது.

குணமாகுமா? இரண்டாம் கலயம் கேட்டு வந்தார்கள், கொடுத்தாள். மூன்றாம் கலயமும் கொடுத்தாள். வீட்டுக்குப் போகும் ஆசையில் தனக்கென்று ஒரு சொட்டுக்கூட வைக்கவில்லை. குதிரைதான் கறுத்தது.

கடைசியில் ராஜாவே கோபத்தோடு சாத்தனின் படகில் வந்து இறங்கினார். "மூன்று கலயம் பூசியும் எனக்குத் தீரவில்லையே!" என்று கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கொற்றிக்குப் புரிந்துவிட்டது. இரண்டு வருடக் கோபத்துக்கு ஊரைக் கூட்டியிருக்கலாம். ஆனால், "வெயில்ல உக்காந்தீங்களா, ராசா?" என்று மட்டும் கேட்டாள்.

"வெளியே வந்தால் எல்லாரும் பார்ப்பார்களே."

"நாங்களும் அப்படித்தானே உக்காந்திருக்கோம். இங்க வெயில் நல்லா விழுது, வாங்க." நகர்ந்து இடம் கொடுத்தாள்.

ராஜா சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு போர்வையை எடுத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். எதிர்க்கரையில் அவருடைய சின்ன மகள் அப்பா வருவாரா என்று பார்த்து நிற்பது தெரிந்தது. ஆறு இவ்வளவு அகலம் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. எழுந்து படகுக்குப் போனார்.

சாத்தன் துடுப்பைக் குறுக்கே நீட்டினான். "மன்னிக்கணும் ராசா. செதில் உள்ளவங்களை ஏத்தக் கூடாதுன்னு உங்க சட்டம்."

ராஜா தலை குனிந்தார். "அந்தச் சட்டம் இன்றோடு போயிற்று. எல்லாரையும் ஏற்று. முதலில் உன் மனைவியை."

சாத்தன் துடுப்பைப் போட்டுவிட்டுக் கையை நீட்டினான். கொற்றி தன் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"ஆறட்டும்யா, அப்புறம் வர்றேன்."

"ஆறுறப்ப ஆறட்டும். நீ வா" என்று அவன் அந்தக் கைகளைத் தேடிப் பிடித்தான்.

கேட்டீர்களா பெரியவர்களே, சிறியவர்களே? குறையை மூடி வைப்பவரை மருந்தும் நெருங்க முடியாது, அன்புள்ள மனிதரும் நெருங்க முடியாது.