பருந்துவீரனும் பத்தாயிரம் பாயும்

பறக்கும் வீரனாக யார் நடிக்கப்போகிறார், எவ்வளவு கூட்டம் கூடும் என்று ஆட்டம் தொடங்கும் முன்பே தெருவில் நின்று சண்டை போடுவது இந்தக் காலத்துப் பழக்கம் என்று பலரும் நம்புகிறார்கள். இது பெரும் பிழை. திருத்தாமல் மேலே போவது முறையல்ல. நீர்முள்ளி நாட்டை உத்தமராயன் என்றொரு அரசன் ஆண்டுவந்த அந்தப் பழைய நாளிலேயே இதற்காக இரண்டு மண்டைகள் உடைந்திருக்கின்றன, மூன்று சம்பந்தங்கள் முறிந்திருக்கின்றன.

அந்த நாட்டில் பங்குனிதோறும் மாலை வேளையில் பருந்துவீரன் கூத்து நடக்கும். இடுப்பில் வடம் கட்டிய வீரன் ஆலமரத்து உச்சியிலிருந்து பறந்து வந்து அசுரனின் முன் இறங்குவான். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பறந்தவர் மாசிலாமணி. அவ்வாண்டு அவருக்கு இடுப்பு வலி.

"இந்த வருஷம் பெரியவர் பறக்க மாட்டாராம்."

"யார் சொன்னது?"

"அவருக்குத் தைலம் காய்ச்சும் வைத்தியரின் மச்சான்."

ஊருக்கு இது வம்பு. அமைச்சர் குழைக்காதருக்கு அது வெறும் வம்பு அல்ல. மணமான புதிதில் மனைவியோடு அவர் பார்த்த முதல் கூத்தில் பறந்தவர் மாசிலாமணி. மனைவி போய் ஆறு வருஷம் ஆகிறது. இன்றும் இருவர் உட்காரும் பாயை விரித்து, அதன் ஓரமாக உட்கார்ந்துதான் பார்ப்பார்.

அமைச்சர் மேல் நெடுநாளாகப் பொறாமை கொண்டிருந்த ஆளவந்தார் அவையில் எழுந்தார். "அரசே, கிழப்பருந்து விழுந்தால் நாட்டுக்கே அவமானம். என் மாப்பிள்ளை வரதன் பறந்தால் பத்தாயிரம் பேர் வருவார்கள்."

"மாசிலாமணி பறந்தால் எத்தனை பேர், குழைக்காதரே?" என்று கேட்டான் ராயன்.

"தெரியாது, அரசே. வருகிறவர்கள் வருவார்கள்."

அவை சிரித்தது. ராயனுக்குத் திடீரென்று ஒரு யோசனை பிறந்தது. அவனுக்கு யோசனைகள் அப்படித்தான் பிறக்கும். அந்த ஊர் வழக்கப்படி, கூத்துக்கு முதல் நாள் காலையிலேயே மக்கள் திடலில் பாய் விரித்து இடம் பிடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். "மாசிலாமணி வேண்டும் என்பவர் கிழக்கே விரிக்கட்டும், வரதன் வேண்டும் என்பவர் மேற்கே. தோற்றவர் இனி மேடை ஏறக்கூடாது."

மறுநாள் திடலில் மேற்கே பத்தாயிரம் புதுப்பாய்கள். கிழக்கே நானூறு, அதிலும் பாதி ஓரம் தைத்தவை.

"எண்ணவும் வேண்டுமா, அமைச்சரே?" என்றார் ஆளவந்தார்.

குழைக்காதர் குனிந்து மேற்குப் பாய் ஒன்றை முகர்ந்து பார்த்தார். பச்சைக் கோரை வாசனை. "எண்ணத்தான் வேண்டும். அதற்கு முன் ஒரு தண்டோராவுக்கு அனுமதி தாருங்கள், அரசே." பறையடிப்பவனைத் தனியே அழைத்து, "மழை வரலாம் என்று சொல். வரும் என்று சொல்லிவிடாதே; பொய் சொன்ன பாவம் நமக்கு எதற்கு?" என்றார்.

தண்டோரா கேட்டதும் தெருவெல்லாம் ஓடி வந்தது. அடுப்பில் உலை வைத்தவள் கரண்டியோடு வந்தாள். நாவிதரிடம் உட்கார்ந்திருந்தவர் பாதி மீசையோடு வந்தார். அவரவர் பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டார்கள். திடலில் போட்டிருந்த அரியணைப் பக்கம் எல்லோரும் திரும்பினால், அரியணை இருந்தது, அரசனைக் காணோம். கிழக்குத் திடலிலிருந்து பட்டுக்கரைப் பாய் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு மூச்சிரைக்க வந்தான்.

"என்ன பார்க்கிறீர்கள்? நனைந்தால் சாயம் போய்விடும்."

கிழக்கே ஒரே ஒரு பாய் மிஞ்சிக் கிடந்தது. அது அமைச்சருடையது, மழை வராது என்று அறிந்தவர் அவர் ஒருவர்தானே.

மேற்கே பாய்கள் அப்படியே கிடந்தன. ஒரே ஒரு பெண் மட்டும் ஓடி வந்து ஒன்றைச் சுருட்டினாள். ஆளவந்தாரின் மகள் கோதை.

"நீ ஏனம்மா ஓடி வந்தாய்?" என்று பல்லைக் கடித்தார் தகப்பனார்.

"நீங்கள் ஆள் வைத்து விரித்தீர்கள், அப்பா. நான் உட்கார்ந்து பார்க்க விரித்தேன்."

மாசிலாமணி நொண்டிக்கொண்டே வந்து பாயின் மறுமுனையைப் பிடித்தார். "உன் வீட்டுக்காரன் நன்றாகப் பறப்பானா, அம்மா?"

"தெரியாது, ஐயா. உயரம் என்றால் அவருக்குப் பயம். உங்களைப் பார்த்துப் பார்த்து ஆசை வந்துவிட்டது."

ராயன் தன் கழுத்து முத்துமாலையைக் குழைக்காதருக்குப் போட்டான். ஆளவந்தாரிடம், "பத்தாயிரம் பாய்களையும் நீரே சுருட்டும். ஆள் வைக்கக்கூடாது" என்றான்.

மாசிலாமணி கைகூப்பினார். "வென்றவன் ஒன்று கேட்கலாமா, அரசே? என் இடுப்பு வலி மெய்தான். வரதன் பறக்கட்டும். கீழே வடம் பிடிக்க நான் இருக்கிறேன். கண்ணை மூடிக்கொள்ளட்டும், எப்போது திறக்கவேண்டும் என்று நான் சொல்கிறேன்."

குழைக்காதர் முகத்தைத் திருப்பி, இல்லாத மழையைத் தேடுவதுபோல வானத்தைப் பார்த்தார்.

மறுநாள் வரதன் பறந்தான். எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ண யாருக்கும் தோன்றவில்லை. அந்த ஆண்டு நீர்முள்ளி நாட்டில் நடந்த திருமணங்களுக்கெல்லாம் அரண்மனைச் சீராக அந்தப் புதுப்பாய்களில் இருபது இருபது போயின.