உண்ணி பார்த்த குரங்கு

வெயிலில் காய்ந்து கிடந்த ஒரு காட்டில் ஒரே ஒரு சுனைதான் வற்றாமல் இருந்தது. உடம்பில் உண்ணியோடு யாரும் அதில் இறங்கக் கூடாது என்று காட்டுக்குத் தலைவனான யானை சட்டம் போட்டது. உண்ணி பார்க்கும் வேலையைக் குரங்குக்குக் கொடுத்தது. குரங்கு சரி என்றால்தான் தண்ணீர்.

பதவி வந்ததும் குரங்குக்கு நடையே மாறிவிட்டது. மற்றவர்களைப் பார்க்காமலே தலையாட்டி அனுப்பும். இளம் பெண் மான் வந்தால் மட்டும், "நீ புதருக்குப் பின்னால் வா, நன்றாகப் பார்க்கணும்" என்று கூப்பிடும். அங்கே தொடக் கூடாத இடத்தில் தொடும். "வெளியே சொன்னால் உனக்குத் தண்ணீர் கிடையாது" என்று மிரட்டும்.

செவலி என்ற மான் ஒரு நாள் குரங்கை உதைத்துத் தள்ளிவிட்டு, வறண்ட நாக்கோடு யானையிடம் ஓடியது.

"ஐயா, அந்தக் குரங்கு என்னைத் தப்பாத் தொடுது."

"மெதுவாப் பேசும்மா! அவர் எவ்வளவு பெரிய வேலையில இருக்கிறவர்! உண்ணி பார்த்திருப்பார். பிடிக்கலைன்னா நீ சுனைப் பக்கம் போகாதே."

"அப்போ நான் எதைக் குடிக்கிறது?"

யானை காதை ஆட்டிக்கொண்டு வேறு பக்கம் திரும்பியது. முறம் முறமாய் இரண்டு காது. என்ன பிரயோசனம்? ஈ ஓட்டத்தான் ஆச்சு.

பக்கத்தில் நின்ற எருமை எல்லாவற்றையும் கேட்டது. "வாடி கண்ணு, நான் வரேன். ஐயா, நீங்களும் வாங்க. தண்ணி குடிக்கிற நேரந்தானே?" என்றது.

சுனைக்கரையில் எருமை குரங்கின் முன்னால் போய் நின்றது. அதன் கழுத்திலும் காதிலும் உண்ணி கொத்துக் கொத்தாகத் தொங்கியது.

"உண்ணி பாருங்க, சாமி."

குரங்கு மூக்கைப் பொத்தியது. "சீ, நாத்தம்! போ போ, இறங்கிக் குடி."

"நேத்தும் இப்படித்தான் அனுப்பினீங்க. இத்தனை உண்ணி இருக்கிற என்னைத் தொடக்கூட மாட்டேங்கறீங்க. ஒண்ணுகூட இல்லாத இந்தப் பொண்ணுகிட்ட மட்டும் புதருக்குள்ளே என்ன தேடுறீங்க?"

குரங்கு பல்லை இளித்தது. "அது... சட்டம்..."

கரையில் நின்ற மற்ற மான்கள் முன்னே வந்தன. "என்னையும் கூப்பிட்டுச்சு." "என்னையுந்தான்."

குரங்கு யானையைப் பார்த்தது. யானை தரையைப் பார்த்தது.

"ஐயா, இப்போ யார் சுனைப் பக்கம் போகக் கூடாது?" என்று செவலி கேட்டது.

யானையின் தும்பிக்கை நீண்டது. குரங்கை வாலோடு பிடித்து இழுத்துப் போய்க் காட்டுக்கு வெளியே எறிந்தது. திரும்பி வந்து, பெரிய மனுஷனாய் ஏதோ சொல்ல வாயைத் திறந்தது.

கேட்க அங்கே யார் இருந்தார்கள்? செவலி அதற்குள் சுனையில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தது.

நீதி: தப்பாகத் தொட்டவன் எந்தப் பதவியில் இருந்தாலும் விரட்ட வேண்டியது அவனைத்தான், வந்து சொன்னவளை அல்ல.