தூக்கத்தை வளைக்குள் வைத்திருந்த சிலந்தி

முன்னொரு காலத்தில், மலைகள் நடக்கக் கற்று அதை மறந்தும்போன காலத்தில், கூவளநாடு என்றொரு நாடு இருந்தது. அந்நாட்டு இளவரசி வஞ்சிக்கொடி ஒரு சிலந்தி வளர்த்தாள். உள்ளங்கை அகலம், உடம்பெல்லாம் கருமயிர். மண் நிரப்பிய, உள்ளிருப்பது வெளியே தெரியும் பளிங்குத் தாழியில் ஆழமாக வளை தோண்டி அது குடியிருந்தது.

"கருவாச்சி, வாடி" என்று தாழியைத் தட்டித் தட்டிக் கூப்பிடுவாள். அது வரவே வராது. 'என்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது' என்று அவளுக்கு வருத்தம்.

ஒருநாள் புகையன் என்ற மந்திரவாதி வந்தான்.

"அந்தச் சிலந்தியைக் கொடு. அரைத்து மை செய்யவேண்டும்."

"மாட்டேன்."

மூன்று முறை கேட்டான். மூன்று முறையும் மாட்டேன் என்றாள்.

"சரி, நீயே வைத்துக்கொள். உங்கள் ஊர்த் தூக்கம் முழுவதையும் அதன் வளைக்குள் போட்டுவிட்டேன். அது தானாக வெளியே வந்தால் தூக்கமும் வரும். பிடித்து இழுத்தாலோ, அது செத்தாலோ, உங்களுக்குத் தூக்கமே கிடையாது!"

அன்றிலிருந்து ஊரில் ஒருவரும் தூங்கவில்லை. குயவர் கையில் பானைகள் கோணின. குழந்தைகள் அழக்கூடத் தெம்பில்லாமல் தாய்மார் தோளில் விழித்துக் கிடந்தன.

"முரசு கொட்டுங்கள், பயந்து வரும்" என்றார் அரசர் நெடுங்கோ. கொட்டினார்கள். சிலந்தி ஒரு சாண் கீழே போனது.

"வெட்டுக்கிளி போடுங்கள், பசித்து வரும்." போட்டார்கள். சிலந்தி இன்னும் ஒரு சாண் கீழே போனது.

"புகை போடுங்கள், மூச்சு முட்டி வரும்." போட்டார்கள். சிலந்தி இன்னும் ஒரு சாண் கீழே போய், வாசலையும் வெள்ளை நூலால் அடைத்துக்கொண்டது.

எல்லோரும் ஓய்ந்துபோனார்கள். வஞ்சிக்கொடி தாழியில் தலையைச் சாய்த்து உட்கார்ந்தாள். எதையும் செய்ய அவளுக்குத் தெம்பில்லை. அதனால் வெறுமனே பார்த்தாள்.

காவலன் நடந்தான்; பளிங்குக்குப் பின்னால் சிலந்தி ஒடுங்கியது. அவன் நின்றான், அதன் கால்கள் தளர்ந்தன. மறுபடி நடந்தான், மறுபடி ஒடுங்கியது.

'ஐயோ, இது காலால் அல்லவா கேட்கிறது! முரசு இதற்குப் பூகம்பம். இத்தனை நாள் நான் கூப்பிடவில்லை, தட்டித் தட்டி விரட்டியிருக்கிறேன்.'

அழுகை வந்தது. அழவும் அலுப்பாக இருந்தது.

ஒரு காலைப்பொழுதில் சிலந்தி மல்லாந்து கிடந்தது.

"செத்துவிட்டது!" என்று அலறினார் அரசர். புகையன் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தான். "செத்ததை ஏன் வைத்திருக்கிறீர்கள்? எடுத்து எறியுங்கள்."

அரசர் தாழியை உடைக்கத் தடியை ஓங்கினார்.

"தொடாதீர்கள் அப்பா!"

"என்னால் இனி முடியாதம்மா."

"என்னாலும்தான் முடியவில்லை. உட்காருங்கள். இதோ பாருங்கள், அடியில் மெத்தை நெய்து அதன்மேல் படுத்திருக்கிறது. சாகப்போகிறவர்கள் தங்களுக்குத் தாங்களே படுக்கை விரிப்பார்களா? பாம்பு சட்டை உரிக்கும் முன் இரை எடுக்காதல்லவா, இதுவும் அப்படித்தான் பட்டினி கிடந்திருக்கிறது. யாரும் அசையாதீர்கள்."

அரசர் உட்கார்ந்தார். அமைச்சர்கள் உட்கார்ந்தார்கள். சேவகர்கள் உட்கார்ந்தார்கள். புகையன் மட்டும் தரை அதிர ஓங்கி மிதித்தான். எழுந்து போய்ச் சண்டையிட அரசருக்கு வலுவில்லை. தவழ்ந்து போய் அவன் கால்கள் இரண்டையும் கட்டிக்கொண்டார்.

அப்போது சிலந்தியின் தோல் பிளந்தது. நனைந்த சட்டையிலிருந்து கையை உருவுவதுபோல், ஒவ்வொரு காலாக உருவிக்கொண்டு, வெளிறி மெத்தென்று அது புரண்டது.

"இப்போதாவது எடுக்கலாமா அம்மா?"

"வேண்டாம் அப்பா. உடம்பு இறுகட்டும், தானாகவே வரட்டும்."

புகையனைத் தூணில் கட்டிப்போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். கண் எரியக் காத்திருந்தார்கள். ஒரு மாலை, வாசல் நூல் விலகியது. ஒரு கால் வந்தது. இன்னொரு கால் வந்தது. கருவாச்சி தானாகவே வெளியே வந்து மண்மேல் நின்றது.

அதன் பின்னாலேயே மழை நனைத்த மண் வாசம்போலத் தூக்கம் கிளம்பியது. முதலில் சரிந்தவன் புகையன்தான். அவன் கற்ற மந்திரமெல்லாம் குறட்டையோடு குறட்டையாகப் போய்விட்டது. விழித்தபோது ஒன்றும் நினைவில்லை.

அரசருக்கும் கண் சொருகியது. "பாதி நாட்டை உனக்குத் தருகிறேன் மகளே. வேறு என்ன வேண்டும்?"

"கொஞ்சம் தள்ளிப் படுங்கள் அப்பா" என்றாள் அவள். அவர் தள்ளிப் படுத்தார். அந்த வெறுந்தரையிலேயே அவளும் தூங்கிப்போனாள்.

ஊரும் தூங்கியது. கேட்ட உங்களுக்கும் சொன்ன எனக்கும் அப்படியொரு தூக்கம் வாய்க்கட்டும்.