ஆப்பு குடித்த தண்ணீர்

"என்னை விட்டுடுங்கம்மா. அந்த ஒரே அறைக்குள்ள இனிமே என்னால முடியாது."

சொல்லிவிட்டு இசக்கியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். அறுபத்திரண்டு வயது. அவர் மேடையேறினால் ஆயிரம் பேர் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். எட்டு மாதமாக அவர் பேச்சைக் கேட்பது ஒருத்திதான். பக்கவாதத்தில் பேச்சிழந்த மனைவி. 'அம்மா' சொல்லு, 'ஆடு' சொல்லு என்று தினமும் கெஞ்சுகிறார். பாவம், அவள் உதடு அசையவே இல்லை.

"இப்ப மச்சினன்தான் அவ பக்கத்துல இருக்கான். அவன்கூடவே அனுப்பிட்டு மறுபடி மேடைக்குப் போகட்டுமா?"

குரு சிவகாமி அவரைவிட இருபது வயது இளையவர். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.

"நம்ம ஆசிரமத்துல தோண்டுற கிணத்துல பாறை குறுக்க நிக்குது. பிளந்து குடுத்துட்டுப் போங்கய்யா. வெடி வேண்டாம், சுவர் சரிஞ்சிடும். குழி வெட்டி மர ஆப்பு இறக்கித் தண்ணி ஊத்துங்க."

மேடைப் பேச்சாளர் அல்லவா, எதையும் பெரிதாகச் செய்துதான் பழக்கம். தண்ணீருக்கு நிறைய இடம் வேண்டுமே என்று குழிகளை அகலமாக வெட்டினார். குடம் குடமாக ஊற்றினார்.

ஆப்புகள் ஜம்மென்று மிதந்தன.

குரு வாய்விட்டுச் சிரித்தார்.

"வேற குழி வெட்டுங்க. காஞ்ச ஆப்பா இறுக்கி அடிங்க. நடுவுல நகம்கூட நுழையக் கூடாது."

"அப்புறம் தண்ணி எங்கம்மா போகும்?"

"மரத்துக்குள்ள."

"அதுக்குள்ள ஏது இடம்?"

"கண்ணுக்கே தெரியாத இண்டு இடுக்கு லட்சம் இருக்கு. குடத்துல கிடக்கிற தண்ணி வேற, அதுக்குள்ள போன தண்ணி வேற. மரம் ஊறி உப்பிப் பாறையையே தள்ளும்."

அவருக்கு நம்பிக்கை இல்லை. இருந்தாலும் ஏழு குழி வெட்டி ஏழு ஆப்பு அடித்தார். மறுநாள் காலையில் ஊற்றத் தொடங்கினார். ஒரு சொம்புத் தண்ணீர் ஏழுக்கும் போதுமானதாக இருந்தது. ஆப்பு குடித்தது. மறுபடி ஊற்றினார். மறுபடியும் குடித்தது. வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது.

"ஒண்ணுமே நடக்கலையேம்மா."

"ஊத்துங்க."

ஊற்றினார்.

படாரென்று ஒரு சத்தம். சொம்பு கைநழுவி உருண்டது. பாறையில் மேலிருந்து கீழ்வரை ஒரே கோடு. கோட்டின் அடியில் ஊற்றுநீர் மெல்லக் கசிந்துகொண்டிருந்தது.

இசக்கியப்பனுக்கு அழுகை வந்தது. அவர் அதை மறைக்கவில்லை.

"பஸ் எத்தனை மணிக்கும்மா?"

"எங்க, கூட்டத்துக்கா?"

"வீட்டுக்கு. அவ சாயங்காலம் நாலு மணிக்கு முழிச்சுக்குவா."