செவ்வாய்க்கிழமையில் நின்ற மெஷின்

எங்கள் ஆபீசில் கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் சாஃப்ட்வேர் தயாரிக்கிறோம். ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொன்றாக ஓடும் விர்ச்சுவல் மெஷினைத் தூங்கவைத்து எழுப்பினால், வெளியே என்ன நேரம் என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்லித் தருவது கெஸ்ட் டூல்ஸ் என்ற சாஃப்ட்வேர் பேக்கேஜ். அந்தப் பேக்கேஜைச் செய்தவன் அருளப்பன். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், மறுநாள் தன் பேக்கேஜை ஏற்றிப் பார்ப்பதற்காக ஒரு மெஷினைத் தூங்கவைத்துவிட்டு பைக்கில் கிளம்பினான். வீடு போய்ச் சேரவில்லை.

மேனேஜர் சேதுமாதவன் கூட்டம் போட்டார். "அருளப்பன் வேலை சுத்தக் குப்பை. எல்லாத்தையும் நானே மாத்திட்டேன். ஜெசிந்தா, டெஸ்ட் பாஸுன்னு போடும்மா." செத்தவன் எதிர்த்துப் பேச மாட்டான் என்ற தைரியம்.

டெஸ்ட் செய்யும் ஜெசிந்தா அருளப்பனுக்குப் பக்கத்து சீட். "ஓட்டிப் பாக்கணும் சார்."

"என் வேலையையா? ஒரு நிமிஷம் தர்றேன். தப்பைக் காட்டு, இல்லைன்னா வேலையை விட்டுப் போ."

அவள் அருளப்பன் அன்று தூங்கவைத்த மெஷினை எழுப்பி, சேதுமாதவனின் பேக்கேஜை ஏற்றினாள். திரையில் தேதி அசையவில்லை. அதே செவ்வாய்க்கிழமை சாயங்காலம்.

"சார், உங்க பேக்கேஜ்படி அருளப்பன் இன்னும் வீட்டுக்குக் கிளம்பவே இல்லை. கூப்பிடட்டுமா? தப்பு எங்கேன்னு அவனே சொல்லுவான்."

சேதுமாதவன் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "சரி, அவனோடதைப் போடு," என்றார்.

ஜெசிந்தாவின் விரல் கீபோர்டின் மேல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு தட்டி, அருளப்பனின் பேக்கேஜை ஏற்றினாள். கடிகாரம் ஒரே தாவலில் இன்றைக்கு வந்தது. பாஸ் என்று போட்டாள். அருளப்பன் உயிரோடிருந்த சாயங்காலம் அந்த மெஷினிலும் முடிந்துபோனது.